புகை மணக்கும் பீரும் ஆசான் பயிற்சியும்

கைத்தொழில் ஒன்று நலிந்துவிட்டது என்று கேள்வியுறும்போது, சந்தை குறைந்தது, முதல் போதவில்லை, இயந்திரம் போட்டியிட்டது என்று காரணங்களை அடுக்குவது நம் வழக்கம். இவை யாவும் உண்மையே. ஆயினும் இவற்றினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. அத்தொழிலை அறிந்த கடைசிக் கைகள் ஓய்வதற்கு முன்னர், அடுத்த கைகளைப் பழக்கி வைக்கத் தவறுவதே அது. போன சந்தையை மீட்கலாம். முதலைக் கடனாகப் பெறலாம். கைவிட்டுப் போன பழக்கத்தை எந்தக் கடையில் சென்று வாங்குவது?

இதனை விளக்கும்பொருட்டு, நமது அங்கத்தினர்களுக்குச் சற்றுத் தொலைவான ஓர் எடுத்துக்காட்டை இம்மாதம் எடுத்துரைக்க விரும்புகிறோம். ஐரோப்பாவில் கோதுமையையும் பார்லியையும் முளைகட்டி, விறகுப் புகையில் உலர்த்திக் காய்ச்சும் ஒருவகை பீரின் வரலாறு அது. பீர் மதுச்சத்து உடைய பானம் என்பதை அறிவோம். அதனைப் புகழ்வதோ, பருகுமாறு பரிந்துரைப்பதோ நம் கருத்தன்று. விவசாயி விளைத்த தானியத்தின்மேல் ஒரு கைவினைஞன் எத்துணைத் திறனைச் செலுத்துகிறான், அத்திறனை ஒரு நாடு எவ்வாறு கற்பித்துக் காக்கிறது, காவாத இடத்தில் என்ன நேர்ந்தது என்பவையே நம் கவனத்துக்குரியவை.

இரண்டு ஊர்கள்

முதலாவது ஊர், போலந்து நாட்டின் மேற்குப் பகுதியில் பொஸ்னான் நகருக்குத் தென்மேற்கே உள்ள குரோஜிஸ்க் என்னும் சிற்றூர். 1793இல் போலந்தைப் பிற அரசுகள் பங்கிட்டபோது இவ்வூர் பிரஷ்யாவின் வசமாயிற்று. 1918ஆம் ஆண்டு இறுதியில் எழுந்த கிளர்ச்சிக்குப் பின்னர் மீண்டும் போலந்தைச் சேர்ந்தது. போலந்து மக்கள் இவ்வூர் பீரைக் 'குரோஜிஸ்கியே' என்றும், ஜெர்மானியர் 'கிரெட்ஸர்' என்றும் வழங்கினர். பெயர் இரண்டாயினும் பொருள் ஒன்றே.

இரண்டாவது ஊர், ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் ரெக்னிட்ஸ் ஆற்றங்கரையில் அமைந்த பாம்பர்க். பழங்காலக் கட்டடங்கள் நிறைந்த இந்நகரின் பழைய பகுதியை யுனெஸ்கோ நிறுவனம் 1993இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அதே 1993ஆம் ஆண்டில்தான் குரோஜிஸ்க் ஊரின் பீர் ஆலை மூடப்பட்டது. ஓர் ஊரின் தொழில் தொடர, மற்றோர் ஊரின் தொழில் ஏன் நின்றது என்பதை அறிய, முதலில் தொழிலின் தன்மையைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

தானியமும் புகையும்

நம் வீடுகளில் கேழ்வரகை ஊற வைத்து, துணியில் கட்டி முளைவிடச் செய்து, உலர்த்தி, குழந்தைகளுக்கு மாவு தயாரிப்பது உண்டு. முளைத்த தானியம் சற்று இனிப்பதைத் தாய்மார் அறிவர். முளை கிளம்பும்போது தானியத்தினுள் நொதிப்பொருள்கள் தோன்றுகின்றன. அவை மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும் ஆற்றல் உடையவை. பீர் காய்ச்சும் தொழிலின் அடிப்படை இதுவே. பார்லியை அல்லது கோதுமையை ஊற வைத்து, சில நாட்கள் பரப்பி முளைவிடச் செய்து, முளை மேலும் வளராதபடி சூட்டில் உலர்த்துவர். இவ்வாறு பக்குவம் செய்த தானியத்துக்கு மால்ட் என்று பெயர்.

மால்ட்டிலுள்ள இந்நொதிப்பொருளை 1833இல் பாயன், பெர்சோஸ் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் இருவர் பிரித்தெடுத்து, 'டயஸ்டேஸ்' என்று பெயரிட்டனர். நெசவாளர்க்கும் இதனோடு தொடர்பு உண்டு. பாவுக்கு இட்ட கஞ்சியை நெய்த துணியிலிருந்து அகற்றுவதற்கு, ஒரு காலத்தில் மேல்நாட்டு ஆலைகளில் மால்ட் சாற்றையே பயன்படுத்தினர். மாப்பொருளை நீரில் கரையும் சர்க்கரையாக்கிக் கழுவிவிடுவதே அதன் வேலை. தறியின் கஞ்சியும் பீர்க் கொப்பரையின் மாவும் ஒரே பொருளுக்கே கட்டுப்படுகின்றன.

இனி, புகை எங்கிருந்து வந்தது? பாம்பர்க் நகரில் முன்னொரு காலத்தில் மால்ட் வைத்திருந்த இடத்தில் தீப்பற்றியதாகவும், வீணாக்க மனமின்றி அதனைக் காய்ச்சியதால் புகை பீர் பிறந்ததாகவும் ஒரு கதை சொல்வர். கதை சுவையானதே. ஆனால், உண்மை அதனினும் எளியது. வெயில் குறைந்த நாடுகளில் தானியத்தை உலர்த்த விறகு மூட்டினர். புகை நேரே தானியத்தின் ஊடே சென்றது. ஆகவே முற்காலத்தில் சூளையில் உலர்த்திய மால்ட் பெரும்பாலும் ஏதோ ஓர் அளவு புகை மணம் உடையதாகவே இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெர்பி வட்டாரத்தில் புகை குறைந்த கல்கரியால் மால்ட் உலர்த்தத் தொடங்கினர். பின்னர், நெருப்பின் புகை தானியத்தைத் தீண்டாமல் சூடான காற்று மட்டும் பாயும் சூளைகள் பரவின. விலையும் உழைப்பும் குறைந்தன. ஊர்தோறும் புகை மணம் மறைந்தது. பாம்பர்க், குரோஜிஸ்க் போன்ற மிகச்சில ஊர்களே பழைய முறையை விடாது பற்றியிருந்தன.

மென்மையான ஒரு பீர்

குரோஜிஸ்க் ஊரின் பீர் பல வகையில் தனித்தன்மை வாய்ந்தது. இதற்குப் பார்லி இல்லை; முழுவதும் கோதுமை மால்ட். அக்கோதுமையை ஓக் மரப் புகையில் உலர்த்தினர். வேறு பீர்களில் மதுச்சத்து ஏறத்தாழ 5 விழுக்காடு இருக்க, இதில் 3 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. காய்ச்சும் சாற்றில் கரைந்த சர்க்கரை முதலிய பொருள்கள் நூற்றுக்கு 7, 8 பங்கே. வெளிறிய நிறம், தெளிந்த தோற்றம், புட்டியைத் திறந்ததும் பொங்கும் நுரை, மெல்லிய புகை மணம், ஹாப்ஸ் பூவின் கசப்பு ஆகியவை இதன் இலக்கணங்கள். நுரையின் மிகுதியால் இதனைப் 'போலந்தின் ஷாம்பேன்' என்றும் வழங்கினர்.

இவ்வளவு மெலிந்த ஒரு பானத்தைச் செவ்வையாகத் தயாரிப்பது எளிது என்று எண்ணிவிடலாகாது. கனத்த வண்ணத்துணியில் ஓர் இழைப் பிசகு மறைந்துபோகும். மெல்லிய வெள்ளைச் சல்லாவில் அது முதற்பார்வையிலேயே தெரிந்துவிடும். சுவையும் மதுச்சத்தும் மிகுந்த பீரில் சிறு குற்றங்கள் அடங்கிவிடும். குரோஜிஸ்கியேயில் ஒளிய இடமில்லை. மேலும், கோதுமைக்குப் பார்லியைப் போல் உமி இல்லை. உமிதான் சாற்றை வடிகட்டும்போது சல்லடையாக நின்று உதவுவது. உமியற்ற கோதுமை மாவு களியாக இறுகிக்கொள்ளும். இக்காலத்தில் கோதுமை பீர் காய்ச்சுவோர் பலர் அதனுடன் நெல் உமியைக் கலந்து இவ்விடரைத் தீர்க்கின்றனர். நம் களத்தில் மலிந்து கிடக்கும் உமி, அங்கே ஒரு நுட்பமான தொழிலுக்குத் துணைக்கருவியாகிறது.

இந்தப் பீரைக் கலங்கலின்றித் தெளிவிக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசைப்பொருளைச் சேர்த்தனர். புட்டியில் அடைத்த பின்னரும் ஈஸ்ட் தன் வேலையைத் தொடர்ந்து நுரையை வளர்த்தது. எந்தக் கட்டத்தில் தெளிவிப்பது, எவ்வளவு ஈஸ்ட் எஞ்சியிருக்கும்போது புட்டியில் அடைப்பது என்பன ஏட்டளவில் அடங்காத கணக்குகள். சற்று முந்தினால் புட்டி வெடிக்கும். சற்றுப் பிந்தினால் நுரையே எழாது.

ஊர் மக்கள் தங்கள் நீரின்மேலும் பெருமை கொண்டிருந்தனர். சந்தைத் திடலின் கிணறு ஒருமுறை வற்றிப்போக, பெர்னார்டு என்னும் பெனடிக்டின் துறவி இறைவனை வேண்டி ஊற்றுப் பெருகச் செய்தார் என்பது அவ்வூர் மரபு. 1603இல் மறைந்த அத்துறவியின் கல்லறை உள்ள லூபின் மடாலயத்துக்கு ஊரார் நன்றிக்கடனாகப் பீர்ப் பீப்பாயுடன் யாத்திரை சென்றதாகவும் கூறுவர். நீர்நிலையைத் தொழுது தொழில் தொடங்கும் நம் நாட்டு விவசாயிக்கு இவ்வுணர்வு புதிதன்று.

அண்டை ஊராகிய நோவி தோமிஷ்ல் வட்டாரம் ஹாப்ஸ் கொடி சாகுபடிக்குப் பேர்போனது. வில்லோ மரத்தின் வளார்களைக் கொண்டு கூடை முடையும் தொழிலுக்கும் அதுவே நிலைக்களம். ஹாப்ஸ் சாகுபடிக்கும் கூடை முடைதலுக்குமாகச் சேர்த்தே அங்கு ஓர் அருங்காட்சியகம் உண்டு. கொடி வளர்ப்போர், கூடை முடைவோர், பீர் காய்ச்சுவோர் என மூன்று தொழிலாளரும் அவ்வட்டாரத்தில் அருகருகே வாழ்ந்தனர். ஒரு தொழில் நின்றால் அதன் அதிர்ச்சி அடுத்த தொழிலையும் சென்று தாக்கும் என்பதை நெசவும் பருத்தியும் அறிந்த நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அறுந்த இழை

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் குரோஜிஸ்க் ஊரின் பீர்த் தொழில் அரசுடைமையாகிப் பெரிய அமைப்பொன்றின் கிளையாயிற்று. பல ஊர்களிலும் ஒரே மாதிரியான பொன்னிற பீரே விலைபோன காலம் அது. தனி மால்ட், தனி உலர்சூளை, தனிப் பக்குவம் வேண்டிய ஒரு பானம், கணக்கு நோக்குவோர்க்குச் சுமையாகத் தோன்றியது இயல்பே. 1993இல் உற்பத்தி நின்றது. பல நூற்றாண்டு ஓடிய இழை அறுந்தது.

அறுந்தபோது என்ன எஞ்சியது என்று பார்ப்போம். கட்டடம் நின்றது. குறிப்பேடுகள் சில இருந்தன. ஈஸ்ட் இனம் ஆய்வுக்கூடச் சேமிப்பில் காக்கப்பட்டிருந்தது. வேலை செய்த முதியோர் சிலர் உயிரோடிருந்தனர். ஆனால் ஓக் புகையில் கோதுமையை உலர்த்தும் சூளை இல்லை. அச்சூளையின் முன் நின்று பழகும் இளைஞனும் இல்லை.

பின்னர், வீட்டளவில் பீர் காய்ச்சும் ஆர்வலர்கள் சேர்ந்து அமைத்த போலந்துச் சங்கம் ஒன்று இதனை மீட்க முனைந்தது. இலாபத்துக்காக அன்றி, தங்கள் நாட்டுக்கே உரிய ஒரு பக்குவம் மறையலாகாது என்னும் எண்ணத்தால் அவர்கள் இப்பணியில் இறங்கினர். பழைய ஆவணங்களைத் திரட்டினர். ஆலையில் பணிபுரிந்தோரின் நினைவுகளைக் கேட்டுப் பதிந்தனர். சேமிப்பிலிருந்த ஈஸ்ட்டை வளர்த்தனர். பல முறை காய்ச்சிப் பார்த்து ஒப்பிட்டனர். கண்டறிந்ததை யாரும் தமக்கென மறைக்கவில்லை. முடிவில், 2015இல் குரோஜிஸ்க் ஊரிலேயே அந்தப் பீர் மீண்டும் உற்பத்தியாயிற்று.

இடையே கழிந்தவை 22 ஆண்டுகள். மீட்க முடிந்ததற்குக் காரணம், அறிந்தோர் சிலர் அதுவரை வாழ்ந்திருந்தமையே. 22 என்பது 50 ஆகியிருந்தால், கேட்டறிய எவரும் இரார். அந்த 22 ஆண்டுகளில் ஓர் ஆசானிடம் ஒரே ஒரு மாணாக்கன் பழகியிருந்தால் இத்துணை முயற்சியும் வேண்டியிராது.

மீட்புப் பணியில் மற்றுமொரு செய்தி கருதத்தக்கது. ஓக் புகையேற்றிய கோதுமை மால்ட்டை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது, 1879இல் பாம்பர்க் நகரில் தொடங்கிய வையர்மன் என்னும் மால்ட் ஆலை. அறுந்துபோன ஊரின் இழைக்கு, அறாத ஊரிலிருந்து நூல் கிடைத்தது.

பாம்பர்க் காத்த வழி

பாம்பர்க் நகரில் ஷ்லெங்கர்லா, ஷ்பெட்சியால் என்னும் இரண்டு பழைய இல்லங்கள் இன்றும் தங்கள் புகை மால்ட்டைத் தாங்களே தயாரிக்கின்றன. முன்னது 1405ஆம் ஆண்டு ஆவணத்திலும் பின்னது 1536இலும் குறிக்கப்பட்டவை. இங்கு தானியம் பார்லி; விறகு பீச் மரம். ஷ்லெங்கர்லாவின் பீர் கறுத்து, புகை மிகுந்தது. ஷ்பெட்சியாலின் பீர் அதனினும் மென்மையானது. ஒரே ஊர், ஒரே மரம், ஒரே தானியமாக இருந்தும் இரண்டு கைகள் இரண்டு பக்குவங்களை உண்டாக்குகின்றன.

புகையேற்றுவதில் உள்ள நுட்பத்தைச் சிறிது நோக்குவோம். பிசின் நிறைந்த மரத்தை எரித்தால் மணம் காரமாகி நாவை உறுத்தும். ஆகவே பீச், ஓக் போன்ற வன்மரங்களையே கொள்வர். விறகு நன்கு உலர்ந்திருக்க வேண்டும். தானியம் ஈரமாக இருக்கும்போது புகையின் மணப்பொருள்களை மிகுதியாக ஏற்கும். உலர உலர ஏற்பது குறையும். ஆகவே புகையை முதலில் எவ்வளவு விடுவது, காற்றை எப்போது பெருக்குவது, சூட்டை எவ்வாறு படிப்படியாக ஏற்றுவது என்பதே கலை. சூடு விரைந்து ஏறினால் ஈரத்தோடு வெந்து நொதிப்பொருள்கள் அழியும். பின்னர் மாவு சர்க்கரையாகாது. மழைநாளில் நெருப்பு ஒருவிதமாகவும் பனிநாளில் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். ஒரு சூளையின் மால்ட் அடுத்த சூளையின் மால்ட்டைப் போல் அமைவதில்லை. பலவற்றையும் அளவறிந்து கலந்தே ஒரே தரத்தை எட்டுகின்றனர். சாயத்தொட்டிக்கு முன் நிற்பவர் வெவ்வேறு நாள் சாயமிட்ட நூலை ஒரே சேலையில் சேர்க்கும்போது மேற்கொள்ளும் கவனம் போன்றது இது.

இத்தகைய அறிவு எழுதி வைத்தால் மட்டும் கைமாறாது. முன்னவர் அருகில் நின்று, கண்டு, முகர்ந்து, தவறி, திருத்தப்பெற்றே வரவேண்டும். எனவே, தொழிலைக் காக்க விரும்புவோர் ஆசானைக் காக்க வேண்டும். ஆசானைக் காப்பதாவது, ஆசானை உண்டாக்கும் முறையைக் காப்பதாகும்.

ஆசானை ஆக்கும் முறை

தொழிலில் தேர்ந்தவனை ஜெர்மானியர் 'மைஸ்டர்' என்பர். நம் நாட்டில் வழங்கும் 'மேஸ்திரி' என்னும் சொல் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது. இரண்டுக்கும் மூலம் ஆசிரியரைக் குறிக்கும் ஓர் இலத்தீன் சொல்லே. மேஸ்திரி என்றால் வேலை வாங்குபவர் என்றே நாம் பொருள் கொள்கிறோம். சொல்லின் வேரில் கற்பிப்பவர் என்னும் பொருள் அடங்கியிருப்பதை நினைவில் கொள்வது நலம்.

ஜெர்மனியில் பீர் காய்ச்சுதலும் மால்ட் தயாரித்தலும் ஒரே தொழிலாகக் கற்பிக்கப்படுகின்றன. பயிற்சிக் காலம் 3 ஆண்டுகள். மாணாக்கன் ஓர் ஆலையில் ஒப்பந்தம் செய்துகொண்டு ஊதியத்துடன் வேலை பழகுகிறான்; அதே காலத்தில் தொழிற்பள்ளிக்கும் சென்று தானியம், நீர், ஈஸ்ட், கணிதம், இயந்திரம் ஆகியவற்றைப் பயில்கிறான். ஆலையும் பள்ளியும் இரண்டு மாடுகளாக ஒரே ஏரை இழுக்கின்றன. தேர்வில் வென்றவன் தேர்ந்த தொழிலாளி ஆகிறான். ஆயினும் அவன் இன்னும் ஆசான் அல்லன்.

அனுபவம் பெற்ற பின்னர், விரும்புவோர் ஆசான் தேர்வுக்குப் படிக்கின்றனர். அத்தேர்வு நான்கு பகுதிகளை உடையது. முதற்பகுதி செய்முறை. இரண்டாவது, தொழிலின் அறிவியல். மூன்றாவது, கணக்கு, வாணிபம், சட்டம். நான்காவது பகுதியே நம் கவனத்துக்கு உரியது: இளைஞர்க்குத் தொழிலைக் கற்பிக்கும் முறை. ஒருவர் எவ்வளவு நேர்த்தியாகத் தொழில் செய்பவராயினும், கற்பிக்கத் தெரியாதவராயின் ஆசான் என்னும் பட்டம் அவருக்கு இல்லை. மாணாக்கனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, வேலையைப் படிப்படியாக எவ்வாறு பிரித்துக் கொடுப்பது, தவற்றை எவ்வாறு திருத்துவது என்பவற்றிலும் அவர் தேற வேண்டும்.

இதன் பயனை எண்ணிப் பாருங்கள். தொழில் அறிந்தவர் ஒருவர் மறைந்தால் ஒரு கை குறைகிறது. கற்பிக்க அறிந்தவர் ஒருவர் உருவானால், அவர் காலத்தில் பல கைகள் பெருகுகின்றன. இயந்திரங்கள் பல்கிய இக்காலத்திலும் பாம்பர்க் போன்ற ஊர்களின் சிறு ஆலைகளுக்குத் தேர்ந்தோர் கிடைப்பதற்கு இந்த ஏற்பாடு பெருந்துணையாகும்.

ஆசான்களுக்கு மேற்பயிற்சி அளிக்கும் நிலையங்களும் அங்கு உண்டு. மியூனிக் அருகே வைஹென்ஷ்டெபானில், பழைய மடாலயம் இருந்த இடத்துக்கு 1852இல் வேளாண்மைப் பள்ளி ஒன்று வந்தது; 1865 முதல் அங்கு பீர் காய்ச்சும் கலைக்கெனத் தனி வகுப்பு நடந்தது. வேளாண்மைப் பள்ளியின் மடியில் தொழிற்கல்வி வளர்ந்தது குறிப்பிடத்தக்கது. பின்னாளில் அது மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பகுதியாயிற்று. பெர்லினில் 1883இல் தொழிலில் ஈடுபட்டோரே ஒன்றுகூடி ஆராய்ச்சிக்கும் கல்விக்குமான நிலையம் ஒன்றைத் தோற்றுவித்தனர். தனித்தனியே போட்டியிட்டோர், கல்வி ஒன்றிற்காக ஒரே கூரையின்கீழ் வந்தனர். மியூனிக் நகரில் டோமென்ஸ் பயிற்சி நிலையம் 1895இல் தொடங்கியது. இவை மூன்றும் இன்றும் பணிபுரிகின்றன. பிற நாட்டு மாணாக்கரும் அங்கு சென்று பயில்கின்றனர்.

மறைத்த அறிவும் பகிர்ந்த அறிவும்

தொழில் இரகசியத்தை மூடிவைத்தால்தான் வாழலாம் என்னும் எண்ணம் எங்கும் உண்டு. 1833இல் மியூனிக் நகரத்துக் காப்ரியேல் செட்ல்மாயரும், வியன்னா அருகிலிருந்த அன்டன் டிரேஹரும் தொழில் அறியும் நோக்குடன் பிரிட்டனைச் சுற்றி வந்தனர். அங்கே வெப்பமானியும், சாற்றின் இனிப்பை அளக்கும் கருவியும் வழக்கில் இருந்தன. ஆலைக்காரர்கள் எல்லாவற்றையும் காட்ட விரும்பவில்லை. இவ்விருவரும் உட்குடைந்த கைத்தடியில் சாற்றை இரகசியமாக எடுத்துவந்து, தங்கும் அறையில் அளந்து பார்த்ததாகக் கூறுவர். கற்க வேண்டும் என்னும் வேட்கை அவர்களைத் திருட்டுக்கு ஒப்பான செயலுக்கும் துணியச் செய்தது.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஐம்பது ஆண்டுகள் கழித்து டென்மார்க்கில் நடந்தது. 1516இல் பவேரியாவில் பீருக்கென இயற்றிய புகழ்பெற்ற கட்டளை பார்லி, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றை மட்டுமே கூறியது. ஈஸ்ட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அதன் தன்மையை அன்று எவரும் அறிந்திலர். வேண்டாத நுண்ணுயிர்கள் கலந்து கொப்பரை கொப்பரையாகப் பீர் கெட்டபோதும் காரணம் விளங்கவில்லை. கோபன்ஹேகனில் யாகோப்சென் என்னும் ஆலை உரிமையாளர் 1875இல் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். அங்கு எமில் கிறிஸ்டியன் ஹான்சென் என்னும் அறிஞர் ஒற்றை ஈஸ்ட் உயிரணுவிலிருந்து தூய இனத்தை வளர்க்கும் முறையைக் கண்டறிய, 1883இல் அது ஆலையில் பயனுக்கு வந்தது. யாகோப்சென் அதனைப் பூட்டி வைக்கவில்லை. ஆய்வின் முடிவுகள் வெளியிடப்பட்டன. போட்டி ஆலைகளும் அம்முறையைக் கையாண்டன. அதனால் அவருடைய ஆலை தாழ்ந்துவிடவில்லை என்பதை உலகம் அறியும்.

பிறர் கற்றுக்கொண்டால் நம் பிழைப்பு குறையும் என்று அஞ்சும் கைவினைஞர் நம்மிடையேயும் உளர். ஒருவருக்கொருவர் போட்டியாக உழைத்த காலத்தில் அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. சங்கம் அமைத்த பின்னர், ஒருவரின் திறன் சங்கத்தின் திறன். சங்கத்தின் பெயர் ஒவ்வோர் அங்கத்தினரின் பெயர். ஆகையால் அறிவை மறைப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை

கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகளான ராச்டேல் தொழிலாளர் 1844இல் கடை தொடங்கியபோது, அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். பிற்பாடு அவர்கள் ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். வறுமையில் வாடியோர் முதல் ஆதாயத்தையெல்லாம் பங்கிட்டு உண்ணாமல் கல்விக்கு ஒரு பங்கு வைத்தது வியக்கத்தக்கது. கூட்டுறவுச் சட்டங்கள் கல்வி நிதியைப் பற்றிப் பேசுவதற்கும், கூட்டுறவுக் கொள்கைகளுள் கல்வியும் ஒன்றாக நிற்பதற்கும் இந்த மரபே அடிப்படை.

நமது சங்கங்கள் ஒவ்வொன்றும் முதலில் ஒரு கணக்கு எடுக்க வேண்டும். சரக்கு இருப்பும் கடன் பாக்கியும் ஏட்டில் ஏறுகின்றன. திறன் இருப்பு எந்த ஏட்டில் ஏறுகிறது? கோர்வை போட்டுக் கரை சேர்க்க அறிந்தோர் எத்தனை பேர்? பாவை நீட்டிப் பதமறிந்து கஞ்சி தோய்க்க வல்லோர் எத்தனை பேர்? விதை நெல்லைத் தேர்ந்து அடுத்த போகத்துக்குக் காக்க அறிந்த விவசாயிகள் எத்தனை பேர்? அவர்களுடைய வயது என்ன? ஒவ்வொருவரிடமும் பழகுவோர் யாவர்? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் விடை கிடைக்குமாயின், எந்த இழை அறும் நிலையில் உள்ளது என்பது அன்றே தெளிவாகும்.

இரண்டாவதாக, கற்பிப்பதற்குக் கூலி வேண்டும். தறியில் அமர்ந்து உழைக்கும் முதியவர் மாணாக்கனுக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் அவருடைய உற்பத்தி குறையும். அந்தக் குறைவை அவரே தாங்க வேண்டும் என்பது நியாயமன்று. சங்கம் ஈடு செய்ய வேண்டும். மாணாக்கனுக்கும் பழகும் காலத்தில் ஊதியம் வேண்டும். ஜெர்மனியில் பயிற்சி பெறும் இளைஞன் முதல் நாளிலிருந்தே சம்பளம் பெறுகிறான் என்பதை மறத்தல் ஆகாது. பசித்த வயிற்றோடு எவரும் மூன்றாண்டு பழகிக்கொண்டிரார்.

மூன்றாவதாக, நேர்த்தியாகச் செய்பவரைப் பாராட்டுவது போலவே, நேர்த்தியாகக் கற்பிப்பவரையும் பாராட்டும் வழக்கம் ஏற்பட வேண்டும். அழகிய சேலைக்குப் பரிசளிக்கும் சங்கம், மூன்று இளைஞரைத் தறிக்கு ஆளாக்கியவருக்கும் ஒரு பரிசு அளிக்கலாகாதா? ஆசான் தேர்வின் நான்காம் பகுதி நமக்கு உணர்த்துவது இதுவே.

குரோஜிஸ்க் ஊரார் தங்கள் தொழிலை 22 ஆண்டு இழந்து, பெருமுயற்சியால் மீட்டனர். அந்த வாய்ப்பு எல்லாத் தொழிலுக்கும் கிட்டும் என்று நம்பியிருத்தல் அறிவுடைமை ஆகாது. உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது, அங்கத்தினர் எவரேனும் எழுந்து, "நம் தொழிலை இவ்வாண்டு புதிதாகக் கற்றோர் எத்தனை பேர்?" என்று ஒரு கேள்வி கேட்பாராக. அக்கேள்விக்கு விடையளிக்கும் கடமை நிர்வாகக் குழுவினர்க்கு உண்டு. அவ்விடை நிறைவுடையதாக அமையத் துணைபுரியும் கடமை நம் அனைவர்க்கும் உண்டு.